கப்பலிலே அல்ல, லோரியிலே

மதிப்பிற்குரிய 'ஒளிமுரசு' ஞாயிறு பதிப்பு ஆசிரியர் அவர்களுக்கு,

செந்தூல் ஃபிளாட்டின் நான்காம் மாடியிலிருந்து, உங்கள் நெடுநாளைய வாசகனும் ஓய்வுபெற்ற துறைமுகக் கிடங்கு எழுத்தனுமாகிய க. தம்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் முழங்காலும் எங்கள் ஃபிளாட்டின் லிஃப்டும் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். தாங்களும், தங்கள் இல்லத்தாரும், தங்கள் அச்சகத்தாரும், எழுத்துப்பிழை பார்க்கும் அந்த நண்பர் இன்னும் வேலையில் இருந்தால் அவரும் நலமுடன் இருக்க பத்துமலை முருகனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தேசிய மாதச் சிறப்பிதழில் 'ஒரு பாடல் பிறந்த கதை' என்று நடுப்பக்கம் முழுக்க ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆகஸ்ட் பிறந்தால் போதும், தமிழ்ப்பள்ளி தவறாமல் பிள்ளைகள் பாடுகிறார்களே, 'என்நாடே என்நாடே, உன்னை விட்டுப் போவேனோ' என்று, அந்தப் பாட்டின் கதை. கட்டுரைப்படி, பாவலர் பக்கிரிசாமி அவர்கள் ஒரு விடியற்காலையில் தன்னந்தனியாகக் குன்றின் மேல் ஏறினாராம். கீழே நாட்டுக்கொடி பறப்பதைக் கண்டாராம். கண்ணீர் பெருகியதாம். எழுதக் காகிதம் இல்லாமல் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அதிலேயே எழுதினாராம். ஐயா, பக்கிரிசாமி என் சொந்தத் தாய்மாமன். கிள்ளான் ரயில் நிலையத்து மேம்பாலப் படி ஏறவே பாதியில் நின்று ஒரு சிகரெட் பிடிக்கிற மனிதர். சட்டையில் ஒரு சொட்டு மீன்குழம்பு தெறித்தாலே அத்தையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார், அவராவது சட்டையில் எழுதுவதாவது! அவர் வாழ்நாளில் எழுதியது இரண்டே இரண்டு. ஒன்று, லோரிக் கம்பெனியில் சரக்குச் சீட்டு. இன்னொன்று, கல்யாண வீடுகளில் மேடையேறி வாசிக்கும் வாழ்த்துப்பா. அதுவும் ஒரே வாழ்த்துப்பாதான். கல்யாணத்துக்குக் கல்யாணம் மணமக்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். ஒரு தடவை மாற்ற மறந்து, காப்பார் ஊரில் ஒரு மாப்பிள்ளைக்கு வேறொருவர் மனைவியைச் சேர்த்து வாழ்த்திவிட்டு, சாப்பிடாமல் வந்து சேர்ந்தார். பாவலர் என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

இது போகட்டும். பாட்டின் நடுவில் ஒரு மௌனம் வருமே, பாடிக்கொண்டே வந்த பிள்ளைகள் சட்டென்று நிறுத்தி, எல்லோரும் தலைகுனிந்து நின்று, பிறகு மறுபடி எடுப்பார்களே, அதற்கும் உங்கள் கட்டுரையாளர் விளக்கம் சொல்லியிருந்தார். நாட்டுக்காக உயிர்நீத்தவர்களுக்குப் பாவலர் செலுத்திய சொல்லற்ற அஞ்சலியாம் அது. பேத்தியின் பள்ளிக்கூடத்தில் அந்த மௌனத்துக்கு நானும் தலைகுனிந்திருக்கிறேன். என் பக்கத்தில் நின்ற ஒருவர் அந்த நேரத்தில் கைப்பேசி பார்த்தபோது முறைத்துக்கூட இருக்கிறேன்.

இந்தப் பாட்டை முதன்முதலில் பாடியவள் என் மனைவி அமுதவள்ளி என்பது எனக்குத் தெரியும். எங்கள் பெண் பார்க்கும் சடங்கில் பாடினாள். ஏதோ பள்ளிக்கூடத்தில் கற்ற ஊர்ப்பாட்டு, மாமா அதைத் தட்டிக்கொட்டி நாட்டுப் பாட்டாக்கினார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஆகவே கட்டுரையைக் காப்பியும் கையுமாக அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் மிளகாய்ச் சம்பாலுக்கு நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். குன்று ஏறும்வரை சும்மா இருந்தாள். கண்ணீர் பெருகியதும் உதட்டைக் கடித்தாள். சொல்லற்ற அஞ்சலி வந்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு, நெத்திலித் தட்டு கவிழ்ந்து, மூக்குக்கண்ணாடி கழன்று, இருமலில் போய் முடிந்து, நான் முதுகைத் தட்டிக்கொடுத்துத் தண்ணீர் தர வேண்டியதாயிற்று.

"என்னடி இது, நாட்டுப் பாட்டைக் கேட்டுச் சிரிக்கிற?" என்றேன்.

"ஏங்க, அது நாட்டுப் பாட்டு இல்லைங்க. உங்களைத் துரத்துறதுக்கு நான் கட்டின பாட்டு."

ஆசிரியர் அவர்களே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

அன்று கிள்ளானிலிருந்து நாங்கள் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். சொல்லி வைத்த வாடகைக் கார் வரவில்லை. இராகுகாலம் பிறப்பதற்குள் பெண் வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். உடனே மாமா தன் கம்பெனி லோரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அம்மா முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில், பூத்தட்டோடு. மாப்பிள்ளையாகிய நானும், மாமாவும், மாமா புதிதாக வாங்கி யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்த கேசட் ரிக்கார்டரும் பின்னால், கயிற்றைப் பிடித்தபடி. முந்தின நாள் அந்த லோரியில் கோழித் தீவனம் ஏற்றியிருக்கிறார்கள். காற்று அடிக்க அடிக்க அத்தனையும் என் தலையில். நான் வெள்ளைச் சட்டையில் கிளம்பி பழுப்புச் சட்டையில் போய் இறங்கினேன். நாங்கள் நாகரிகமாகத்தான் இறங்கினோம் என்பது என் எண்ணம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அமுதவள்ளியின் எண்ணம் வேறு.

"பின்பலகையைத் தட்டித் திறந்து, சந்தையில மாடு இறக்குற மாதிரி உங்களை இறக்கினாங்க. நீங்க இறங்கி நின்னு உடம்பை ஒரு உதறு உதறினீங்க பாருங்க, எங்க வீட்டுக் கோழி எல்லாம் ஓடியாந்துருச்சு."

பிறகு வழக்கம்போல் கேசரி, மசாலா வைத்துப் பொரித்த கறிபாப், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக். அம்மா வழக்கம்போல், "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றார். மாமா ரிக்கார்டர் பொத்தானை அழுத்தினார். அமுதவள்ளி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல், கணீரென்று எடுத்தாள்:

செந்தூலே செந்தூலே
உன்னை விட்டுப் போவேனோ
யார்வந்து அழைத்தாலும்
ஓரடிதான் வைப்பேனோ

இத்தோடு நிறுத்திவிட்டாள். கூடமே அமைதியாகிவிட்டது. நான் அந்த அமைதியில் இன்னொரு கறிபாப் எடுத்தேன். மாமாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. அவர் கடித்த கறிபாப்பில் பச்சைமிளகாய் இருந்தது. அம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். யாரும் அசையவில்லை. அதன்பிறகு அவள் குரல் கொஞ்சம் ஏறியது:

லோரியிலே வந்தவரே
வந்தவழி தெரியாதோ
வாசலிலே செருப்பிருக்கு
வழிகாட்டச் சொல்லணுமோ

மாமா என் விலாவில் இடித்து, "பாத்தியாடா, நம்ம லோரியையும் சேத்துப் பாடுது. என்ன மரியாதை!" என்றார். செருப்பை யாரும் தொலைத்துவிடாமல் பத்திரமாக வாசலில் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். ஐயா, நான் துறைமுகத்தில் எத்தனையோ பாஷையில் எத்தனையோ பேர் திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவன். தமிழில், அதுவும் இராகத்தோடு, முகத்துக்கு நேரே திட்டினால் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறதே!

"வாயால சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"எங்கப்பா முன்னால 'வேணாம்'னு சொல்ல முடியுமா? பொண்ணு பாக்க வந்தா, பாடச் சொன்னாத்தான் வாயையே தொறக்கலாம். சரி, பாட்டுலயே சொல்லிருவோம்னு கேசரித் தட்டைத் தூக்கிட்டு வரும்போதே கட்டினேன். முதல் நாலு வரியில எழுந்திரிச்சுப் போயிருவீங்கன்னு நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். எங்க போனீங்க? கறிபாப்பை எடுத்தீங்க. அதுக்கப்புறந்தான் செருப்பைக் காட்ட வேண்டியதாப் போச்சு."

ஆக, இந்த நாட்டில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பேர் தலைகுனிந்து நிற்கிறார்களே, அந்த மௌனம், நான் எழுந்து போவதற்காக விட்ட இடம். உயிர்நீத்தவர்களுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இதை நான் மிகுந்த மனவேதனையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? கொஞ்ச நாளில் கிள்ளானில் ஓர் இளைஞர் மன்றம் நாட்டுப்பற்றுப் பாடல் போட்டி வைத்தது. மாமாவுக்குத்தான் பெயர் மாற்றும் கலை கைவந்ததாயிற்றே. 'செந்தூலே' என்ற இடத்தில் 'என்நாடே' என்று போட்டார். 'லோரியிலே' என்பதைக் 'கப்பலிலே' ஆக்கினார். 'செருப்பிருக்கு' என்பதை எடுத்துவிட்டு 'நெருப்பிருக்கு' என்று எழுதினார். முடிந்தது! உங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார், 'கப்பலிலே வந்தவரே' என்பது வெள்ளைக்காரனைப் பார்த்துத் தேசம் கேட்ட கேள்வியாம், 'வாசலிலே நெருப்பிருக்கு' என்பது கொதித்தெழுந்த இளைஞர் கூட்டமாம். ஐயா, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், என் தாத்தா எதில் வந்தார்? உங்கள் தாத்தா எதில் வந்தார்? கப்பலில் வந்தவன் எல்லாம் வந்த வழி போ என்று நம் பிள்ளைகளையே மூச்சுப்பிடித்துப் பாட வைத்துவிட்டு, நாமே வரிசையாக உட்கார்ந்து கைதட்டுகிறோம். மாமாவுக்கும் தோன்றவில்லை, மன்றத்துக்கும் தோன்றவில்லை, பரிசு கொடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை. நாம் லோரியில் வந்திருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. அந்த மௌனத்தையும் மாமா மெட்டின் பகுதி என்று நினைத்து அப்படியே வைத்துக்கொண்டார். ஒரிஜினல் கேசட்டின் மேல் பின்னாளில் குதிரைப் பந்தய வர்ணனை பதிந்துவிட்டார், ஆகையால் ஆதாரம் கேட்காதீர்கள்.

இதெல்லாம் பழைய கதை, சிரித்துவிட்டுப் போகலாம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் அன்று மத்தியானம் ஒரு யோசனை வந்து குடைய ஆரம்பித்தது. செந்தூலை விட்டுப் போவேனோ என்று பாடினாளே, செந்தூலில் யாரை விட்டுப் போக மாட்டாளாம்? இந்தப் பாட்டைக் கேட்டு உருகிப்போய், 'இவ்வளவு ஊர்ப்பற்று உள்ள பெண்ணை வேரோடு பிடுங்கக் கூடாது, நானே செந்தூலுக்கு வந்துவிடுகிறேன்' என்று பெருந்தன்மையாகச் சொல்லி, வீட்டோடு மாப்பிள்ளையாகி, கிள்ளான்காரர்கள் சிரிக்கச் சிரிக்க, வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தினமும் செந்தூலிலிருந்து துறைமுகத்துக்குப் பஸ் மாறிப் பஸ் மாறிப் போய் வந்தவன் நான். என் முழங்கால் தேய்ந்ததே அந்தப் பஸ் படிகளில்தான். யாருக்காக?

கேட்டேன். "அதை இப்பக் கேட்டு என்ன பண்ணப் போறீங்க, வயசான காலத்துல?" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குச் சந்தேகம் எங்கள் ஃபிளாட்டின் கீழ்மாடி சுகுமாறன் மேல் விழுந்தது. கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவனும் அந்தக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். வாரம் தவறாமல் "அக்காவுக்கு" என்று புட்டுமாயம், அதான் இடியாப்பம், தாப்பாவ் பொட்டலமாக வாங்கி வந்து கொடுக்கிறான். எனக்கு என்று ஒரு நாள் கொடுத்ததில்லை. தலை வழுக்கை, மீசை வெள்ளை, பார்த்தால் என் வயதுதான். படியிறங்கிப் போய் அவன் காரை மறித்து நின்றேன்.

"சுகுமாறா, உண்மையைச் சொல்லு. அமுதவள்ளி கல்யாணத்துக்கு முன்னால உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணே. ஒரே லைன் தானே."

"எப்படித் தெரியும்?"

"கணக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. தப்பாப் போட்டா காதைத் திருகுவாங்க."

"காதைத் திருகுற அளவுக்கா?"

"அண்ணே, உங்க கல்யாணத்துல பூத்தட்டுத் தூக்கிட்டு நடந்தனே, ஞாபகம் இல்லையா? கால்சட்டை நழுவி விழுந்து எல்லாரும் சிரிச்சாங்களே, அது நான்தான் லா. எனக்கு முடி சின்ன வயசுலயே கொட்டிருச்சு அண்ணே, அதான் நீங்க..." என்று தலையைத் தடவிக்கொண்டான். பிறகு கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறும்போது இந்த உலகத்தில் என்னைவிடப் பெரிய முட்டாள் யார் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

அவன் போன் போட்டுச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அமுதவள்ளி இடுப்பில் கைவைத்து நின்றாள். "சுகுமாறன் மேல சந்தேகப்பட்டீங்களா? வெக்கமா இல்ல? கால்சட்டை கூட நிக்காத பையன் மேல?" என்று பிடித்தாள் ஒரு பிடி. கடைசியில், "பஸ்ஸுங்க" என்றாள்.

"என்ன பஸ்ஸு?"

"கிள்ளான் பஸ். சின்னப் பிள்ளையில ஒரு தடவை எங்கப்பா கூட்டிட்டுப் போனாரு. போய்ச் சேர்றதுக்குள்ள குடலே வெளிய வந்துருச்சு. கிள்ளான்ல வாழ்க்கைப்பட்டா வாராவாரம் அந்தப் பஸ்ஸுல ஏறிப் பொறந்த வீட்டுக்கு வரணுமேன்னுதான். வேற ஒரு காரணமும் இல்ல. உங்க மூஞ்சியை நான் அப்ப சரியாக்கூடப் பாக்கல, அதுல பூராவும் தீவனம்."

இப்போதுதான் பல விஷயங்கள் எனக்கு விளங்கின. கல்யாணம் ஆன புதிதில் கிள்ளானுக்குப் போகும்போது அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்ததும், என் அம்மா நல்ல செய்தி என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்துவிட்டதும், அப்புறம் எல்லோருக்கும் பதில் சொல்ல முடியாமல் திண்டாடியதும் ஞாபகம் வந்தது. எங்கே போனாலும் கைப்பையில் புளிப்பு அசாம்போய்ப் பழவற்றல் வைத்து வாயில் அடக்கிக்கொள்வாளே, அதை ஆசையாகத் தின்கிறாள் என்று மூட்டை மூட்டையாக வாங்கிக் கொடுத்தவன் நான். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. "அப்ப ஏன்டி என்னைக் கட்டிக்கிட்ட?" என்றேன். "நீங்கதான் செந்தூலுக்கே வரேன்னுட்டீங்களே. அதுக்கு மேல என்ன சாக்குச் சொல்றது? அப்புறம் பாத்தா, மோசமில்லை" என்று சொல்லிவிட்டு நெத்திலியைக் கழுவப் போனாள்.

ஐயா, இனிமேல்தான் முக்கியமான விஷயம். தேசிய தினத்தன்று காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் 'பாவலர் பக்கிரிசாமி நினைவு விழா' வைத்திருக்கிறார்கள். உறவுக்காரன் என்ற முறையில் மாமா சார்பில் பொன்னாடை வாங்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விழாக் குழுத் தலைவர் விஜயன் என்பவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், வெயிலிலும் கோட்டுப் போடுகிறவர். அவருடைய ஆபீஸ் வாழை இலைக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஏறிப் போனேன். சுவரில் பெரிய பேனர். அதில் தாடி வைத்த ஒருவர் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யார்?" என்றேன்.

"பாவலர் அங்கிள்! உங்க மாமா!"

"மாமா தாடியே வெச்சது இல்லையே."

"நல்ல போட்டோ கிடைக்கல அங்கிள், ஆர்ட்டிஸ்ட் கொஞ்சம் டெவலப் பண்ணிட்டாரு. பாவலர்னா ஒரு இது வேணும் இல்ல?"

உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். லோரி, தீவனம், கறிபாப், செருப்பு, ஒன்றும் விடவில்லை. என் மானம் போனால் போகட்டும், பாட்டை எழுதியவள் பெயர் பேனரில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தார். பிறகு சொன்னார்:

"கதை நல்லா இருக்கு லா, அங்கிள். ஆனா நாட்டுக்கு ஒத்து வராது."

"உண்மை ஆச்சே!"

"அதான் சொல்றேன். ஸ்கூல் பிள்ளைங்க தலைகுனிஞ்சு நிக்குதுங்க. அதுங்ககிட்ட போயி, ஒரு அங்கிள் கறிபாப் சாப்பிட்டதுக்காக நிக்கிறீங்கன்னு சொல்ல முடியுமா? அப்புறம் இன்னொண்ணு. உயிரோட இருக்கிறவங்களுக்கு விழா எடுத்தா ரிஸ்க். மைக்கைக் கொடுத்தா பேசிருவாங்க. பாவலர்னா பிரச்சினை இல்லை."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "ஒண்ணு பண்ணலாம், ஆன்டியைக் குத்துவிளக்கு ஏத்தச் சொல்வோம்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. "தம்பி, அவ பாட்டு எழுதினவ. விளக்கேத்த வேற ஆளைப் பாரு" என்று கத்திவிட்டு வந்தேன். கீழே கடையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். அது எனக்கு எதிராக எழுதப்பட்ட பாட்டு. உலகத்திலேயே அந்தப் பாட்டு பிடிக்கக் கூடாத ஒரே ஆள் நான்தான். இருந்தாலும் அது அவள் பாட்டு. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்ல வாயில்லாத இடத்தில், கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நேரத்துக்குள் அவள் கட்டிய பாட்டு. நாடே பாடுகிறது, தாடி வைக்காத மாமாவுக்குத் தாடி வைத்துக் கும்பிடுகிறது, எழுதியவள் நாலாம் மாடியில் நெத்திலி கிள்ளுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது. விழாவுக்கு முன்னால் உங்கள் பத்திரிகையில், பெட்டிச் செய்தியாகவாவது, 'இயற்றி, மெட்டமைத்து, முதலில் பாடியவர்: செந்தூல் அமுதவள்ளி' என்று ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். எழுத்துப்பிழை பார்க்கும் நண்பரிடம் அமுதவள்ளிக்கு இந்த 'ள்'தான் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

தாங்கள் நீடூழி வாழ்ந்து, தங்கள் பத்திரிகை விற்பனை பெருகி, தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில், பஸ் ஏறத் தேவையில்லாத ஊரில் சம்பந்தம் அமைய முருகன் அருள்வானாக. தங்கள் அலுவலகத்தில் என்னைத் தெரிந்தவர், தெரியாதவர் அனைவருக்கும் என் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
மன வருத்தத்துடன்,
க. தம்புசாமி, செந்தூல்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை அன்றே தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். அமுதவள்ளி வாங்கிப் படித்துவிட்டு, "விழாவுக்குப் போயிட்டு வந்து போடுங்க" என்று அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். ஆகையால் விழா முடிந்து இதை எழுதுகிறேன். சுகுமாறன் காரில் போனோம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கை விஜயனின் மாமியார் ஏற்றினார். நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம். 'ஓரடிதான் வைப்பேனோ' முடிந்தது, மௌனம் வந்தது, மண்டபமே தலைகுனிந்தது. அமுதவள்ளி மட்டும் குனியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாலேயே வாசலைக் காட்டினாள். இந்தத் தடவை எனக்குப் புரிந்துவிட்டது, ஐயா! பொன்னாடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று விறுவிறுவென்று வெளியே நடந்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். எதிர்க்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கறிபாப் சாப்பிட்டோம்.

அங்கேதான் சொன்னாள்: "அந்தக் கடுதாசியைப் போடாதீங்க. என் பேரைப் போட்டீங்கன்னா, வருஷா வருஷம் கிள்ளான்லருந்து சங்கத்துக்காரங்க வந்து கூப்பிடுவாங்க. கூட்டத்தோட பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டுப் போவாங்க. யாரு வாந்தி எடுக்குறது? நீங்க எழுந்து போயிட்டீங்க இல்ல, எனக்கு அது போதும்."

ஆகவே, மேலே எழுதிய எதையும் நான் எழுதவில்லை. பக்கிரிசாமி மாமா குன்றில் ஏறினார், கண்ணீர் விட்டார், சட்டையில் எழுதினார், தாடியும் வைத்திருந்தார். பெட்டிச் செய்தி வேண்டாம்.

ஒன்றே ஒன்று. விழாவுக்கு மறுநாள் உங்கள் பத்திரிகையில் 'தேசிய மௌனத்தை அவமதித்த முதியவர், பொதுமக்கள் கண்டனம்' என்று படத்தோடு போட்டிருக்கிறீர்களே, அந்த முதியவர் நான்தான். எனக்கு வருத்தம் இல்லை, படம் தெளிவாக விழுந்திருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஒரு பச்சைப் புடவைத் தலைப்பு கொஞ்சம்போல் தெரிகிறது பாருங்கள். பாட்டை எழுதியவர் அவர்தான்.